ஐகான் பக்கத்தில் மேகம், பச்சை டிக், நீல அம்பு, பூட்டு: இதெல்லாம் என்ன, அழிக்கலாமா?

பெர்ஜுந்தை அக்கா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். ரோட்டுப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், எங்கள் வாயில் இன்னும் பழைய பேர்தான் வருகிறது.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நினைவு மலர்ப் புத்தகம் போடுகிறோம். அந்த வேலை சுற்றிச் சுற்றி என் தலையில் வந்து விழுந்துவிட்டது. பழைய செயலாளர் மகனோடு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். போகும்போது ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து, "எல்லாம் இதுக்குள்ளதான்மா இருக்கு" என்றார். இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் லேப்டாப் அவர் மகளுடையது. மாதக் கடைசியில் அந்தப் பிள்ளை வந்து எடுத்துக்கொள்ளும். அதற்குள் கோயில் சாமான்களை எடுத்துவிட்டு, ஃபார்மட் பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது.

திறந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது. பார்த்தபடியே எழுதுகிறேன்.

"பழைய படம்" என்கிற ஃபோல்டரில் ஸ்கேன் பண்ணிய படங்கள். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு வரிசையாய் நிற்கிறார்கள், பெயர் கூப்பிடுகிற கிராணியின் அரைக்கால் சட்டை மட்டும் வெள்ளையாய்த் தெரிகிறது. அந்தப் படத்தின் பக்கத்தில் நீல மேகம். அதே ஃபோல்டரில் லயத்து முன்னால் எடுத்த தீமிதிப் படத்துக்குப் பச்சை டிக், ஆனால் உள்ளே வெள்ளையாக, கோடு மட்டும் பச்சை. இன்னொன்றுக்கு முழுப் பச்சை வட்டம், நடுவில் வெள்ளை டிக். சிலதில் நீல அம்பு இரண்டு வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"கணக்கு" ஃபோல்டரில் வேறு மாதிரி. ஐகானின் வலது மேல் மூலையில் குட்டியாய் இரண்டு நீல அம்பு, ஒன்றை ஒன்று பார்த்தபடி. "நன்கொடையாளர்" கோப்புகளில் அதே மூலையில் மஞ்சள் பூட்டு. அதைத் தட்டினால் அனுமதி இல்லை என்கிறது. அதில்தான் உபயக்காரர் பெயரெல்லாம் இருக்கிறது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் கும்பாபிஷேகத்தன்று என் தலையைக் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

அக்காள் மகன் வைரஸ் என்கிறான். டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "ஃபார்மட் பண்ணா எல்லாம் போயிடும்கா" என்றார் அந்தப் பையன். எது போகும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வைரஸா இது? பென் டிரைவில் ஏற்றினால் இந்தக் குறியும் கூடவே வந்து கிள்ளானில் அச்சடிக்கிற இடத்தில் திறக்காமல் போகுமா? ஏற்றின பிறகு இங்கே அழித்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

---

யூனிசெல் பையன் பதில்:

அக்கா, வைரஸ் இல்ல, பயப்படாதீங்க. மேகம்னா ஒன்டிரைவ். ஃபைல் இன்டர்நெட்ல இருக்கு, லேப்டாப்ல இல்ல. பச்சை டிக்னா லேப்டாப்லயும் இருக்கு. அதனால பச்சை டிக் உள்ளதை எல்லாம் தைரியமா டெலிட் பண்ணலாம், மேல ஒரு காப்பி இருக்குல்ல.

பூட்டு தெரியல. அம்பு ரெண்டும் ஒரே அம்புதான்னு நினைக்கிறேன், அப்லோட் ஆகுது.

நான் யூனிசெல் (சிலாங்கூர் பல்கலைக்கழகம்) கேம்பஸ் பக்கம்தான் தங்கியிருக்கேன், வேணும்னா வந்து பார்க்கிறேன்.

---

ஓய்வு கிராணி பதில்:

தம்பி, உதவ நினைக்கிற மனசு நல்ல மனசு. ஆனால் அந்த "தைரியமா டெலிட்" என்கிற வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருப்பதை லேப்டாப்பில் அழித்தால் மேலே இருக்கும் காப்பியும் சேர்ந்து அழியும். அது இரண்டு காப்பி இல்லை, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் தெரிகிறது. சொந்தக் கணக்கு என்றால் 30 நாள் மேலே குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. லேப்டாப்பில் இடம் மட்டும் மிச்சம் பண்ண வேண்டுமென்றால் அதற்கு "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்று தனியே ஒரு வழி இருக்கிறது. டெலிட் அதற்கில்லை.

அம்மா, நான் தோட்ட ஆபிஸில் செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) எழுதி, கடைசிக் காலத்தில் அதையே கணினியில் தட்டி, ஓய்வானபின் சும்மா இருக்க முடியாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவன். கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆட்கள் குறியைப் பார்த்தவுடன் கோப்புக்குள் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர் காம்பின் வெட்டுமுகத்தில் தன் நம்பரை எழுதி ரோட்டோரம் அடுக்கி வைப்பார் இல்லையா, அந்த நம்பர் யார் வெட்டினது என்று சொல்லும், குலையில் எண்ணெய் எவ்வளவு என்று சொல்லாது. இதுவும் அப்படித்தான். குறி வைத்தது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் லேப்டாப்பில் இரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஒன்டிரைவ், மற்றது விண்டோஸே.

ஒன்டிரைவ் வைத்தவை: மேகம், இரண்டு விதப் பச்சை டிக், வட்டமாய்ச் சுற்றும் அம்பு. மேகம் என்றால் பெயரும் சின்னப் படமும்தான் இங்கே, சரக்கு இணையத்தில். கோட்டுப் பச்சை டிக் என்றால் ஒருமுறை திறந்ததால் இங்கேயும் இறங்கியிருக்கிறது, இடம் போதாவிட்டால் விண்டோஸ் அதை மறுபடி மேகமாக்கிவிடலாம். முழுப் பச்சை வட்டம் என்றால் யாரோ ரைட் கிளிக் பண்ணி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்திருக்கிறார்கள், அது இங்கேயே இருக்கும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து இந்த ஏற்பாடு. விண்டோஸ் 10இல் அதற்கு முன்னால் ஒன்டிரைவில் தெரிகிறது என்றால் லேப்டாப்பில் இருக்கிறது என்று நம்பலாம். இப்போது நம்ப முடியாது.

நீங்களே சோதிக்கலாம். பெரட்டுப் படத்தில் ரைட் கிளிக், "ப்ராப்பர்ட்டீஸ்". அங்கே "சைஸ்" என்று ஒரு வரி, கீழேயே "சைஸ் ஆன் டிஸ்க்" என்று இன்னொரு வரி. மேல் வரியில் பெரிய எண் இருந்து கீழ் வரியில் சைபர் இருந்தால் அந்தப் படம் உங்கள் லேப்டாப்பில் ஒரு பொட்டு கூட இல்லை.

விண்டோஸ் வைத்தவை: வலது மேல் மூலையில் முட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும் இரண்டு நீல அம்பு, அந்த மஞ்சள் பூட்டு. தம்பி ஒன்றுதான் என்று சொன்ன அம்பு இரண்டும் ஒன்றல்ல. இரண்டும் நீலம், இரண்டும் அம்பு, அதனால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். சுற்றுகிற அம்பு ஏறிக்கொண்டிருக்கிறது அல்லது ஏறக் காத்திருக்கிறது. முட்டுகிற அம்பு வட்டில் இடம் மிச்சம் பண்ணக் கோப்பை அமுக்கி வைத்திருக்கிறது. டிஸ்க் நிறைந்துபோன நேரத்தில் யாரோ ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் "அட்வான்ஸ்டு" போய் "கம்ப்ரஸ்" டிக்கைப் போட்டிருப்பார்கள். டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ் முதல் பக்கத்திலேயே அதே மாதிரி ஒரு டிக் கண்ணெதிரே இருக்கும், கை தவறி விழுகிற இடம். ஒரு ஃபோல்டருக்கு அதைப் போட்டுவிட்டால் பிறகு அதற்குள் புதிதாக உருவாக்குவது எல்லாமே அம்போடுதான் பிறக்கும். கெடுதல் ஒன்றுமில்லை. பழைய எக்ஸெல், டெக்ஸ்ட், டிஃப் படம் இதெல்லாம் நன்றாகச் சுருங்கும், ஜேபெக் ஏற்கெனவே சுருங்கினது, மேலும் அமுக்கி லாபமில்லை. அழகு பார்ப்பவர் டிக்கை எடுத்துவிடலாம், விட்டாலும் ஒன்றும் ஆகாது. விண்டோஸ் 10க்கு முன் இந்த அம்பு கிடையாது. அமுக்கியதன் பெயர் நீல எழுத்திலும் பூட்டியதன் பெயர் பச்சை எழுத்திலும் வரும்.

பென் டிரைவில் குறி கூடவே வருமா என்று கேட்டீர்கள். வராது. மேகமும் டிக்கும் கோப்புக்குள் எழுதப்பட்டவை அல்ல, ஃபோல்டரைத் திறக்கும்போது விண்டோஸ் மேலே வரைந்து காட்டுபவை. அமுக்குவது என்டிஎஃப்எஸ் என்கிற அமைப்பில் உள்ள விண்டோஸ் வட்டுக்கு மட்டும் உரிய குணம். கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் வேறு அமைப்பில் இருக்கும், அங்கே போனவுடன் கோப்பு தானாகவே விரிந்து சாதாரணமாகிவிடும். கிள்ளானில் திறக்கும்.

பூட்டுதான் வில்லங்கம். அது விண்டோஸின் இஎஃப்எஸ் பூட்டு. எந்தப் பயனர் பெயரில் பூட்டினார்களோ அந்தப் பயனராக உள்ளே வந்தால் மட்டும் தானாகத் திறக்கும், பாஸ்வேர்டு கூடக் கேட்காது. வேறு பெயரில் வந்தால் நீங்கள் அட்மினாகவே இருந்தாலும் அனுமதி இல்லை என்றுதான் சொல்லும். ஃபார்மட் பண்ணினால் சாவியும் போய்விடும். அதன் பிறகு பூட்டிய கோப்பை வேறு வட்டில் வைத்திருந்தாலும் அது வெறும் கல். அந்த லேப்டாப்பில் எத்தனை பயனர் பெயர் இருக்கிறது? நீங்கள் எதில் உள்ளே போகிறீர்கள்?

இன்னொன்று. நீங்கள் எழுதாத கோப்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எந்தக் குறியும் இல்லாமல், சாதுவாக, ஏதாவது ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறதே, அது. மேகம் போட்டதை ஃபார்மட் ஒன்றும் செய்யாது, அது வேறு எங்கோ பத்திரமாக இருக்கிறது. குறியில்லாதது அந்த வட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் முதலில் போவது அதுதான். அந்தக் கடைப் பையன் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

---

ரவாங் மச்சான் பதில்:

கிராணி ஐயா எல்லாம் சொல்லிட்டார். நான் ஒரு அம்பைச் சேர்க்கிறேன், அக்கா சொன்னதுல அது இல்ல, ஆனா கட்டாயம் இருக்கும். இடது கீழ் மூலையில வளைஞ்ச குட்டி அம்பு. அது ஷார்ட்கட். டெஸ்க்டாப்ல இருக்கிறதை எல்லாம் பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டு, "மலர் முடிஞ்சிருச்சு"ன்னு கொண்டுபோய்க் கொடுப்பாங்க. அங்கே திறந்தா கோப்பைக் காணோம்னு வரும். சைஸ் பார்த்தா ஒண்ணு ரெண்டு கேபி. வழிதான் போயிருக்கும், வீடு இங்கேயே நிற்கும்.

அச்சு வேலைக்கு வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க, நான் அந்த வேலையிலதான் இருக்கேன். ஒரு நாள் முழுக்க வீணாப் போயிடும். ஏத்தின பிறகு பென் டிரைவை வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி, நாலு படத்தையாவது திறந்து பார்த்துட்டு அனுப்புங்க.

நீலமும் மஞ்சளுமா கேடயம் மாதிரி ஒண்ணு வலது கீழே இருந்தா அது நிரல், இயக்க அட்மின் அனுமதி கேட்கும். மலருக்கு அது தேவையில்ல, விட்டுடுங்க.

---

பெர்ஜுந்தை அக்கா பதில்:

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். பெரட்டுப் படம்: சைஸ் கிட்டத்தட்ட 25 எம்பி, சைஸ் ஆன் டிஸ்க் சைபர். பார்த்ததும் வயிற்றில் என்னமோ பண்ணியது. படம் திரையில் தெரிகிறதே!

லேப்டாப்பில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று "கோயில்", அதன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். மற்றது அந்தப் பிள்ளையின் பெயர். நன்கொடையாளர் பட்டியலை அப்பாவுக்காக அந்தப் பிள்ளைதான் தட்டிக் கொடுத்ததாம். அக்காள் மகன், "பாஸ்வேர்டை உடைச்சு உள்ள போயிடலாம் சின்னம்மா, யூடியூப்ல இருக்கு" என்று கை துறுதுறுவென்று நிற்கிறான்.

சுற்றுகிற அம்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிற்கவேயில்லை. ஒன்றிரண்டில் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறியும் வந்துவிட்டது. ஒன்டிரைவில் பழைய செயலாளரின் ஈமெயில்தான் போட்டிருக்கிறது.

---

ஓய்வு கிராணி பதில்:

அக்காள் மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பிலேயே உருவாக்கிய பயனர் பெயருக்கு வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் உள்ளே போகலாம், ஆனால் பூட்டிய கோப்பு திறக்காது. சாவி பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தது. இப்போது திறக்கக்கூடியது அப்புறம் திறக்க முடியாததாகிவிடும். அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்கள். தன் பெயரில் உள்ளே வந்து, அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, "என்க்ரிப்ட்" டிக்கை எடுத்து, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கும் சேர்த்து என்று கொடுத்தால் போதும். பூட்டு மறைந்ததும் நீங்களே திறக்கலாம், ஏற்றலாம். ஐந்து நிமிட வேலை, ஆனால் அந்தப் பிள்ளை இல்லாமல் நடக்காத வேலை. மாதக் கடைசிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே கூப்பிடுங்கள்.

சுற்றுகிற அம்பு நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இடம். ஒன்டிரைவ் இலவசமாகக் கொடுப்பது 5 ஜிபி. ஒரு ஏ4 பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கேன் பண்ணி அமுக்காத டிஃப்பாக வைத்தால் நீங்கள் பார்த்த அதே 25 எம்பி வரும். அப்படி 200 படம் போட்டால் கணக்கு நிறைந்துவிடும். அதற்கு மேல் ஸ்கேன் பண்ணினவை வாசலில் நிற்கின்றன. சுற்றுகிற அம்பும் சிவப்புப் பெருக்கலும் இருப்பதையே முதலில் பென் டிரைவில் ஏற்றுங்கள். அவை மேலே போய்ச் சேரவில்லை, லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன. குறியில்லாதவை அதற்கு அடுத்து.

பிறகு மேகம். ஃபோல்டரின் மேலேயே ரைட் கிளிக் பண்ணி "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்துவிட்டு, வீட்டு வைஃபையில் இராத்திரி விட்டுவிடுங்கள். ஹெண்ட்போன் டேட்டாவில் செய்ய வேண்டாம், காலையில் காசு போயிருக்கும், படம் வந்திருக்காது. எல்லாம் முழுப் பச்சையானதும் ஏற்றுங்கள். மேகமாக இருக்கும்போதே ஏற்றினாலும் இறக்கி இறக்கித்தான் ஏற்றும், நடுவில் லைன் போனால் பாதியில் நிற்கும், எது வந்தது எது வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் ஏறி, வேறு கணினியில் திறந்து பார்த்து முடிந்தபின், இங்கே எதையும் அழிக்காதீர்கள். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் கணக்குப் பக்கம் போய் "அன்லிங்க் திஸ் பிசி" கொடுங்கள். கயிறு அறுந்துவிடும், மேலே இருப்பது பழைய செயலாளரின் கணக்கில் அப்படியே இருக்கும். அதன் பிறகு ஃபார்மட் பண்ணிக்கொள்ளலாம். அவர் கணக்கில் இருப்பதை அவர் விருப்பப்பட்டால் அவரே அழிக்கட்டும். பேரப்பிள்ளைகள் படமும் அதே கணக்கில் இருக்கும் இல்லையா.

---

தஞ்சோங் காராங் பதில்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் ஆபிஸ் கணினியில் பச்சை டிக் நன்றாக வந்துகொண்டிருந்தது. வேறொரு நிரல் போட்டபின் டிக் எல்லாம் காணாமல் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, ஏறவும் செய்கிறது. குறி மட்டும் இல்லை. இதற்கும் யாராவது விளக்கம் சொல்லுங்களேன்.

---

நிரல் எழுதுறவன் பதில்:

இது என் பேட்டை, விடமாட்டேன்.

ஐகான் மேல் இப்படிக் குட்டிப் படம் ஒட்ட விண்டோஸ் வைத்திருக்கும் இடமே மொத்தம் 15. அதில் சிலவற்றை ஷார்ட்கட் அம்பு மாதிரி தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 11ஐத்தான் வெளி நிரல்கள் எல்லாம் பங்கு போட வேண்டும். ஒரு நிரலே டிக், சுற்றல், பெருக்கல், பூட்டு என்று ஏழெட்டுக் கேட்கும். இரண்டு நிரல் வந்தால் பந்தி முடிந்தது.

யாருக்கு முதலில் என்பதை விண்டோஸ் பெயரின் அகர வரிசைப்படி முடிவு செய்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் "ஷெல் ஐகான் ஓவர்லே ஐடென்டிஃபையர்ஸ்" என்று ஓர் இடம், அங்கே எல்லாருடைய பெயரும் வரிசையாக இருக்கும். திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். வரிசையில் முந்துவதற்காகப் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் வைத்திருப்பார்கள். ஒருவர் ஒரு ஸ்பேஸ் வைத்தால் அடுத்தவர் இரண்டு, மற்றவர் மூன்று. உலகத்தில் பெரிய பெரிய பொறியாளர்கள் சேர்ந்து செய்த வேலை இது.

உங்கள் புது நிரல் அந்த வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும், பழையது 11ஐத் தாண்டிப் பின்னால் போயிருக்கும். வேலை நடக்கும், படம் மட்டும் வராது. தேவையில்லாத நிரலை நீக்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள், திரும்பி வரும். ரெஜிஸ்ட்ரியில் பெயரை மாற்றியும் சரி செய்யலாம், ஆனால் ஆபிஸ் கணினி என்கிறீர்கள், ஐடி ஆளிடம் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பச்சை டிக் என்றால் ஒன்டிரைவ்தான் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். டிராப்பாக்ஸும் பச்சை டிக்தான் போடும். என்னைப் போல நிரல் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன்னும் பச்சை டிக் போடும், அங்கே அதற்கு "கடைசியாக எடுத்ததிலிருந்து மாறவில்லை" என்று பொருள், மாறினால் சிவப்பு ஆச்சரியக்குறி. யாருடைய டிக் என்று தெரிய ரைட் கிளிக் பண்ணிப் பாருங்கள். மெனுவில் எந்த நிரலின் பெயர் நிற்கிறதோ அதுதான் வைத்திருக்கும். கிராணி ஐயா சொன்ன குலைக் காம்புக் கணக்கேதான்.

---

யூனிசெல் பையன் பதில்:

கிராணி ஐயா, டெலிட் விஷயத்தை வாங்கிட்டேன். என் அசைன்மென்ட் ஃபோல்டரைப் போய்ப் பார்த்தேன், பாதி மேகம். இன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் முழுப் பச்சை ஆக்கிடறேன்.

அக்கா, மலர்ல தோட்டத்து வரலாறு போடுறீங்களா? தென்னமரம் எஸ்டேட் உங்க பக்கம்தானே. இந்த நாட்டிலேயே முதன்முதலா வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட இடம், 1917ல ஹென்றி ஃபோக்கோனியேங்கிற பிரெஞ்சுக்காரர் நட்டது. எங்க வகுப்புல வெளியூர்ப் பசங்க யாருக்கும் தெரியல, இங்கே இருக்கிறவங்களுக்கே தெரியல.

---

பெர்ஜுந்தை அக்கா பதில்:

அந்தப் பிள்ளை சனிக்கிழமை வந்து பூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டது. அட்வான்ஸ்டு பொத்தானைத் தட்டின பிறகு அதற்கே ஆச்சரியம், இப்படிப் பூட்டியிருந்ததே தெரியாதாம், ஆபிஸ் லேப்டாப்பில் செய்கிற பழக்கத்தில் இங்கேயும் டிக் போட்டிருக்கிறது. பட்டியல் திறந்தது. உபயக்காரர் பெயரை உரக்க வாசித்து என் வீட்டுக்காரர் சரிபார்க்கிறார், இரண்டு பேருக்கு அப்பா பெயர் மாறியிருக்கிறது, அதைத் திருத்துகிறேன்.

மேகங்கள் இரண்டு இராத்திரியில் இறங்கிவிட்டன. எல்லாம் முழுப் பச்சை. ரவாங் தம்பி சொன்னபடி பென் டிரைவை அக்காள் மகன் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தோம். டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்ததில் மூன்று நிஜமாகவே ஷார்ட்கட். மறுபடி போய் மூலக் கோப்பைத் தேடி ஏற்றினேன்.

குறியில்லாத கோப்பு என்று ஐயா சொன்னாரே, தேடினேன். டி டிரைவில் "புது ஃபோல்டர் (2)" என்ற பெயரில் ஒன்று. உள்ளே பழைய செயலாளர் தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசி ஹெண்ட்போனில் பதிந்த குரல்கள். ரப்பர்ப் பாலை எடை போட்டு நிறுத்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்கு (தோட்ட வேலைக்கு)ப் போனது, கூலி எவ்வளவு, எல்லாம் சொல்கிறார்கள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. மேகமும் இல்லை டிக்கும் இல்லை, வெறும் கோப்பு. ஃபார்மட் பண்ணியிருந்தால் போயிருக்கும்.

யூனிசெல் தம்பி, தென்னமரம் பற்றி ஒரு பக்கம் போடலாம் என்று நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்களே எழுதித் தாருங்கள். அந்தக் குரலைக் கேட்டு எழுத்தில் தட்டவும் ஆள் வேண்டும், கூட்டாளிகள் இரண்டு பேரைக் கூட்டி வந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிந்து கோயில் ஆபிஸில்தான் இருப்பேன், பசியாற இட்லி இருக்கும். லேப்டாப்பை மறக்காமல் எடுத்து வாருங்கள், இதை அந்தப் பிள்ளை கையோடு எடுத்துப் போய்விட்டது.

---

ஓய்வு கிராணி பதில்:

குரல் கோப்புகளை ஒரே பென் டிரைவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்மா. இன்னொரு பென் டிரைவில் ஒரு பிரதி, கோயில் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து அதன் கணக்கில் ஒரு பிரதி. தனி ஆள் கணக்கில் வேண்டாம், அடுத்த செயலாளர் மாறும்போது மறுபடி இதே கதை வரும். பால் நிறுத்ததைப் பேசியிருக்கிறவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.